ஏழாவது விதியும் தலைவரின் கத்தரிக்காயும்

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்துக்கும் பெரிய சாக்கடைக்கும் நடுவே, நீளவாக்கில் ஒரு துண்டு நிலம் உண்டு. பல வருஷங்களாக உடைந்த சோபாக்களையும் சக்கரமில்லாத சைக்கிள்களையும் கொண்டுவந்து போடும் இடமாக இருந்தது. பெருந்தொற்று ஓய்ந்த பிறகு குடியிருப்பாளர்கள் சிலர் கூடி அதைச் சுத்தம் செய்து, பதினான்கு பாத்திகளாகப் பிரித்து, சமூகத் தோட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்த முதல் கூட்டத்துக்கு நான் போகவில்லை. வராதவனைத்தான் செயலாளராகப் போடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தலைவர் மூன்றாவது மாடியில் இருக்கும் அங்கிள். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற மாதிரியே சட்டையை இன் பண்ணிக்கொண்டுதான் மண்வெட்டியைத் தொடுவார். யாரும் ஒரு விதைகூடப் போடுவதற்கு முன்னால் அவர் பன்னிரண்டு விதிகளை எழுதி முடித்திருந்தார். கேட்டைச் சாத்திவிட்டுப் போக வேண்டும், பூனை வரும். குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போன் பேசக் கூடாது. பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. முறை வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும்; முறையை மறந்தவர் அடுத்த வாரம் உரத் தொட்டியைக் கிளற வேண்டும். இப்படிப் போகும்.

விதிகளை அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இரண்டாவது மாடி மலாய்க்கார அம்மா ஒருவர் அவற்றை மலாயில் எழுதிக் கொடுத்தார். "அப்ப தமிழு?" என்று கேட்டவன் நான்தான்.

"தமிழ் எதுக்கு தம்பி? எல்லாருக்கும்தான் இங்கிலீஷ் தெரியுமே" என்றார் அங்கிள். அவர் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். தமிழில் ஓர் எழுத்தும் வாசிக்க வராது.

"வேணும் அங்கிள். நம்ம ஆளுங்க இத்தன பேரு இருக்கோம்" என்று நான் விறைப்பாகச் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை எனக்கு. நாள் முழுக்க ஆங்கிலத்திலும் மலாயிலும் கடிதம் தட்டுபவனுக்கு, தமிழில் சட்டம் எழுத வாய்ப்பு கிடைத்தால் விடுவானா? காலையில் எல்ஆர்டி ரயிலில் நின்றபடியே கைப்பேசியில் மொழிபெயர்த்தேன். 'வேண்டும்', 'கூடாது' எல்லாம் எனக்குச் சாதாரணமாகப் பட்டன. 'பேணுதல் கடப்பாடாகும்' என்றும் 'செய்யலாகாது' என்றும் அள்ளிவிட்டேன். இறங்குவதற்குள் பன்னிரண்டும் முடிந்தன. அன்று மதியமே அச்சுக்கடையில் கொடுத்து, வாரக் கடைசியில் மூன்று மொழிப் பலகையைக் கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டினோம். என் மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத படிச்சி முடிக்கறதுக்குள்ள கீர முத்திப் போயிரும்லா" என்றாள். முதல் விதியோடு நிறுத்திவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் முதல் விதி வரைக்கும்கூடப் போகவில்லை.

நாலைந்து மாதத்தில் அங்கிளின் பாத்தியில் கத்தரி காய்த்தது. நீளமான, கருநீலக் காய்கள். பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அங்கிளுக்கும் அதில் பெருமை. ஆனால் ஒரு மாதமாகக் காய் குறைகிறது என்றார். தினம் எண்ணி நோட்டில் குறித்து வைத்திருந்தார். ஒரு நாள் இரண்டு, மறுநாள் ஒன்று, வெள்ளிக்கிழமை மூன்று.

"வெளியாள் இல்ல தம்பி. பூட்டு அப்படியே இருக்கு. சாவி இருக்கற யாரோதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செக்ரட்டரி நீதான். வா, புடிச்சிருவோம்."

அந்தச் சனிக்கிழமை காலை, விடிந்தும் விடியாத நேரத்தில், முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். அவர் இன் பண்ணியிருந்தார். நான் கைலியில் இருந்தேன். ஏழேகாலுக்குக் கேட் திறந்தது. ஒரு பெண் உள்ளே வந்து, மறக்காமல் கேட்டைச் சாத்தினார். அறுபது வயதிருக்கும். கேரித் தீவுச் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்; ஓய்வு பெற்று, கீழ்த்தளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மகளின் தண்ணீர் முறையை இவர்தான் பார்த்துக்கொண்டார். எல்லாப் பாத்திகளுக்கும் ஊற்றிவிட்டு, நேராக அங்கிளின் கத்தரிச் செடிகளிடம் போனார். குனிந்து செடிக்குச் செடி எதையோ கிள்ளினார். பிறகு நிதானமாக இரண்டு காய்களைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒளிவுமறைவே இல்லை.

கீழே இறங்கியதும் அங்கிள் என்னைத் தள்ளாத குறையாக முன்னால் அனுப்பினார்.

"அக்கா, இது உங்க பாத்தி இல்லையே?" என்றேன்.

"இல்ல தம்பி. மூணாவது மாடி அண்ணனோடது. வாங்கண்ணே, காய் நல்லா இருக்கு."

"அப்ப எப்படி நீங்க பறிக்கலாம்?" என்று அங்கிள் சீறினார்.

அக்கா எங்கள் இருவரையும் வியப்போடு பார்த்தார். "போர்டுல போட்டுருக்கே. ஏழாவது. நீங்க படிக்கலையா?" என்று சொல்லி, பலகைக்கு முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "ஒருவர் பாத்தியில் விளைந்ததை மற்றவர் அனுமதியின்றிப் பறிக்கலாம்."

கிட்டே போய்ப் பார்த்தேன். 'பறிக்கலாகாது' என்றுதான் நான் தட்டினேன். என் கைப்பேசி அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. தனக்குத் தெரிந்த 'பறிக்கலாம்' என்பதைப் போட்டுவிட்டது. நான் திரும்பப் படிக்கவில்லை. அச்சுக்கடைக்காரரும் படிக்கவில்லை. என் தமிழைப் பன்னிரண்டாம் விதி வரை வாசித்த ஒரே வாசகர் இந்த அக்காதான்.

"என்ன சொல்றாங்க? என்ன எழுதியிருக்கு?" என்றார் அங்கிள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "அது கொஞ்சம் கஷ்டமான தமிழ் அங்கிள். அக்கா வேற மாதிரி புரிஞ்சிக்கிட்டாங்க" என்றேன்.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பையிலிருந்த இரண்டு காய்களையும் எடுத்து வேலி ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். போகும்போதும் கேட்டைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் வேடிக்கை போலச் சொன்னேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "அப்ப அவங்களுக்குப் படிக்கத் தெரியலன்னு சொல்லிட்டு வந்துருக்கீங்க" என்றாள். அதற்கப்புறம் எனக்குப் பசியாறப் பிடிக்கவில்லை.

மாலையில் கீழ்த்தளத்துக்குப் போனேன். அக்காவே கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, மைலோ கலக்கிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும்தான் தம்பி எனக்குப் படிப்பு. ஆனா போட்டுருந்தத சரியாத்தான் படிச்சேன்" என்றார். "பங்கு போட்டுச் சாப்பிடற தோட்டம் போலன்னு நெனச்சேன். பரவால்லையே, பட்டணத்துல நல்ல பழக்கம் இருக்கேன்னு எம் மககிட்ட கூடச் சொன்னேன். நான் சும்மாவும் எடுக்கல. அந்தச் செடியில குருத்துப் புழு இருக்கு. காலையில வாடின குருத்தப் பாத்துப் பாத்துக் கிள்ளிப் போட்டாத்தான் காய்க்கு எறங்காது. மொற இல்லாத நாள்லயும் வந்து அதச் செஞ்சிட்டுத்தான் ஒண்ணு ரெண்டு காய் எடுப்பேன்."

"அங்கிள்கிட்ட நான் சொல்லிடறேன்க்கா."

"என்கிட்ட மன்னிப்பு வேணாம் தம்பி. அவருகிட்ட சொல்லுங்க, போதும்."

சொல்லிவிடுகிறேன் என்று வந்தவன் சொல்லவில்லை. திங்கட்கிழமை அலுவலகம், செவ்வாய் மழை. புதன்கிழமை கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்துப் போய், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, 'பறிக்கலாம்' என்பதன் மேல் 'பறிக்கக்கூடாது' என்று எழுதிவிட்டு வந்தேன். மற்றதெல்லாம் பச்சை அச்சில் இருக்க, அந்த ஒரு சொல் மட்டும் கறுப்பாக, கோணலாக, குற்றவாளி கையெழுத்துப் போட்டது போல இருந்தது.

அக்கா தன் முறைக்கு வந்தார். மகளின் பெயரிலிருந்த பாத்திக்கும் மற்ற பாத்திகளுக்கும் தண்ணீர் ஊற்றினார். கத்தரிக்கும் ஊற்றினார், ஆனால் செடியைத் தொடவில்லை. காய் ஒன்றுகூடக் குறையவில்லை என்று முதல் வாரம் அங்கிள் மகிழ்ந்து போனார். இரண்டாம் வாரம் குருத்துகள் தொங்கின. மூன்றாம் வாரம் காய்களில் ஓட்டை. ஒன்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நிம்மதியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அன்று மாலை அங்கிள் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டில்.

"தம்பி, நாலாவது ரூல் இருக்குல்ல, பூச்சிமருந்து... அதுல எமர்ஜென்சின்னு ஏதாவது சேக்க முடியுமா?"

தன் விதியைத் தானே மீறப் போகிற வெட்கம் அவர் முகத்தில் எழுதியிருந்தது. சமையலறை வாசலில் நின்ற மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எல்ஆர்டியிலிருந்து மார்க்கர் பேனா வரை. குருத்துப் புழுவையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாட்டிலை மேசை மேல் வைத்தார். பிறகு, "அப்ப அவங்க ரூல்படிதான் நடந்துருக்காங்க" என்றார்.

"ஆமா அங்கிள்."

"பன்னெண்டு ரூலையும் ஃபுல்லா படிச்சது அவங்க மட்டும்தானா?"

"அப்படித்தான் தெரியுது."

"சிக்னல் தப்பா காட்டினா டிரைவர் மேல குத்தமில்ல தம்பி. சிக்னல் போட்டவன் மேலதான் குத்தம்." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதற்குக் கத்தியிருந்தாலே தேவலாம் என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அவர் சொல்லாமலே நான் எழுந்து எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அக்கா பின்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. மலாய்க்கார அம்மாவுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் தனியாக இன்னொரு முறை சிரித்தார். ஒரு மாதம் உரத் தொட்டியைக் கிளற வேண்டும் என்று எனக்குத் தண்டனை தீர்மானமாயிற்று. எதிர்த்து ஓட்டுப் போட்டது நான் ஒருவன்தான். என் மனைவிகூட ஆதரித்தே கை தூக்கினாள்.

கூட்டம் முடிந்ததும் அங்கிள் அக்காவிடம் போனார். "சிஸ்டர், அந்தக் குருத்து விஷயம்... எனக்குக் காட்டித் தர முடியுமா? காய் நீங்க எடுத்துக்குங்க."

"எவ்வளவு எடுக்கலாம்னு எழுதிப் போட்டுருங்கண்ணே" என்றார் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். "தம்பி எழுத வேணாம்."

அக்காவுக்கு இப்போது தனிப் பாத்தி இருக்கிறது. அங்கிளுக்கு அடுத்த பாத்தியை வைத்திருந்த குடும்பம் செமினிக்கு வீடு மாறிப் போனது. காத்திருந்தவர்களில் அக்கா பெயர்தான் முதலில் இருந்தது. தோட்டத்தில் எந்த அறிவிப்பும் இனி அவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஒட்டப்படும். சென்ற மாதம் உரத் தொட்டிக்காக நான் எழுதிய அரைப் பக்கத்தை அவர் கையில் வாங்கி, 'மீனும் கறியும் போடாதீங்க' என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துத் திருப்பிக் கொடுத்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில்கூட என் கடிதத்தை அப்படி வெட்டியதில்லை.

போன வாரம் அக்காவின் பயற்றங்கொடி வேலியைத் தாண்டி அங்கிளின் பாத்திக்குள் கையை நீட்டியிருந்தது. எல்லை தாண்டும் கொடியை வெட்டிவிட வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. அங்கிள் கத்தரிக்கோலோடு வந்து நிற்பதைப் பார்த்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து, கொடியைத் தன் பக்கத்துக் கம்பில் பக்குவமாகக் கட்டினார். நிமிர்ந்தபோது உரத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற என்னைக் கண்டார்.

"செக்ரட்டரி, இத மினிட்ஸ்ல போட்டுறாத" என்றார்.