பூத்த காஞ்சொறி

கொட்டகலைக்கு இறங்கும் ரோட்டில் பாதித் தூரம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகள் தெரியவில்லை. தேயிலை மலையும் அதன்மேல் படுத்திருந்த மேகமும் மட்டும் தெரிந்தன. தோளில் ஒரு சாக்குப் பை. அதற்குள் ஒரு சட்டை, பாதி ரொட்டி, அப்பாவின் பழைய கம்பளித் தொப்பி. இரண்டு முன்கைகளிலும் காஞ்சொறி பட்ட தடிப்பு. சொறியக் கூடாது என்று தெரியும். சொறிந்துகொண்டேதான் நடந்தேன்.

பிறகு எத்தனையோ இடங்களை விட்டு நடந்துவிட்டேன். கடைகள், லொறிப் பட்டறைகள், நல்ல மனிதர்களின் வீடுகள். ஏன் போனாய் என்று கேட்டால் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. அந்த முதல் நடைக்கு மட்டும் காரணம் தெளிவாக இருந்தது. மறுநாள் அம்மாவும் தங்கையும் நானும் மாமாவோடு நானுஓயாப் பக்கம் குடிபோவதாக ஏற்பாடு. எல்லோரும் போய்விட்டால், அப்பா ரயிலை விட்டு இறங்கும்போது எங்களை எங்கே என்று தேடுவார்? அதனால் நான் ஸ்டேஷனுக்குப் போய் இருந்துகொள்வது என்று முடிவு செய்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது மிகச் சரியான கணக்காகத் தோன்றியது.

அப்பா இந்தியாவுக்குப் போய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. ஊரில் தாத்தா சாகக் கிடக்கிறார் என்று செய்தி வந்து போனார். அந்தக் காலத்தில் போவது சுலபம், திரும்பி வருவதற்குத்தான் அரசாங்கக் கடதாசி வேண்டும் என்று பெரியவர்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேசிக்கொள்வார்கள். லயத்தில் எங்களை அடுத்த காம்பராவில் இருந்த பையன் அதையே எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான்.

“உங்கப்பன் இனிமே கள்ளத்தோணியிலதாண்டா வரணும்.”

அவன் என்னைச் சீண்டத்தான் சொன்னான். நானோ தோணி என்றால் மழையில் நனைவாரே என்று கவலைப்பட்டேன். அப்பா விட்டுப்போன தொப்பியை அன்றுதான் எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

போகிற அன்று காலையில் அப்பா அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்.

“கெழங்கு போடுறதுக்குள்ள வந்துருவேன். கொல்லைய மட்டும் காடாக்கிறாத.”

கொல்லை என்றால் லயத்துக்குப் பின்னால், ஓடைக்கரையில், தேயிலைத் தோட்டத்து நிர்வாகம் எங்களுக்கு விட்டிருந்த ஒரு துண்டு நிலம். அப்பா துரையின் மாட்டுப்பட்டியில் வேலை பார்த்தவர். சாணத்துக்குக் குறைவில்லை. கையை விட்டால் முழங்கை வரை இறங்குகிற மண் அது. காஞ்சொறிக்கும் அப்படிப்பட்ட மண்தான் பிடிக்கும். ஓடையின் ஈரமும் எருவின் சூடும் கிடைத்தால் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும். இலையிலும் தண்டிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத முள்மயிர். பட்டால் நெருப்பு வைத்தது போல எரிந்து, தடித்து, ராத்திரி தூங்க விடாது. கீழ்க் கிராமத்துச் சிங்களவர்கள் அதைக் கஹம்பிலியா என்பார்கள். வேலியே போடாமல் அதையே வேலியாக விட்டு வைத்தவர்களும் உண்டு. எங்கள் கொல்லையில் அது வேலியோடு நிற்கவில்லை. ஓடைப்பக்கமிருந்து வேரைப் பரப்பிக்கொண்டு, அப்பா கிழங்கு போடுகிற பாத்தியைப் பார்த்து வந்துகொண்டேயிருந்தது.

அம்மா அதை விடவில்லை. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கூடையை இறக்கிய கையோடு கொல்லைக்குப் போவாள். மழை பெய்து மண் இளகியிருக்கிற நாள்தான் அவளுக்குத் தோதான நாள். கைகளில் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். இலைப் பக்கம் போகாமல், குனிந்து, மண்ணை ஒட்டி அடித்தண்டைப் பிடித்து ஒரே இழுப்பு. வேர் அறுந்தால் மண் கிளறும் நீண்ட பிடி முள்ளால் தோண்டி, மஞ்சள் நூல் போன்ற மிச்சத்தையும் எடுப்பாள். பிடுங்கியதையெல்லாம் கொல்லை முனையில் இருக்கிற பாறையில் போட்டுக் காய வைத்து எரிப்பாள். பக்கத்திலேயே எருக்குழி இருக்கும்போது பாறைவரை ஏன் சுமக்க வேண்டும் என்று ஒருதரம் கேட்டேன்.

“காஞ்சாலும் கடிக்கும்டா அது,” என்றாள்.

எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

என் கையில் பட்டுவிட்டால் அம்மா கொண்டையை அவிழ்த்து, என் கையை எடுத்துத் தன் தலைமயிரில் வைத்துத் தேய்ப்பாள். முள்மயிரெல்லாம் அதில் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போனதோ இல்லையோ, அந்த மயிரில் தேங்காயெண்ணெய் வாசமும் பச்சைக் கொழுந்து வாசமும் இருக்கும். சில நாள் நானாகவே போய்க் காஞ்சொறியில் கையை வைத்திருக்கிறேன்.

ஓரத்தில் கீரையும் லீக்ஸும் போட்டாள். கிழங்குப் பாத்தியில் மட்டும் எதையும் நடவில்லை. சுத்தமாக, கறுப்பாக, வெறுமையாக அது கிடந்தது. தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கையா சுற்றி வரும்போது அதைப் பார்த்துவிட்டு நிற்பார்.

“காடா விட்டா வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அப்புறம் என்னையக் கொற சொல்லக் கூடாது.”

“காடா எங்கங்க இருக்கு? நல்லாப் பாருங்க,” என்பாள் அம்மா.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மாதம் ஒருமுறை வருவார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வாயைத் திறந்தால் லயமே சிரிக்கும். வரும்போதெல்லாம் அக்காவைத் தன் தோட்டத்துக்கு வந்துவிடச் சொல்லுவார். அங்கே பேர் பதிந்து வேலை வாங்கித் தருவதாகச் சொல்லுவார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஒரே பதிலைச் சொல்லுவாள்.

“அவுக வந்தா இங்கதான வருவாக. கொல்லையப் போட்டுட்டு நான் எங்க வர்றது?”

“கொல்லைக்கா நீ வாக்கப்பட்ட?” என்று மாமா கேட்டார் ஒருநாள். அம்மாவும் சிரித்துவிட்டாள்.

பொங்கலுக்கு முன்னால், பனி கொட்டுகிற நாட்களில், அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்திருந்தார். மாமாவும் அன்று வந்திருந்தார். இருவரும் லயத்துக் கோடியில், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். ஊர்க்காரர் எனக்கு ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் கொடுத்து, என் தலையைத் தடவிவிட்டு, எங்கள் காம்பராவுக்குள் வராமலே போய்விட்டார். அவர் அன்று மாமாவிடம் சொன்னது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது. அப்பா ஊரில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். கைக்குழந்தையும் இருந்தது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா திரும்பி வந்து குந்தி, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான். அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தார்.

“வாடா மாப்ளே, இன்னைக்கு உங்கொல்லைய ஒரு கை பாத்துருவோம்.”

ஓடைக்கரை முழுவதும் காஞ்சொறி பூத்து, விதை கட்டி, கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் மண் இறுகிக் கிடந்ததால் அம்மாவால் பிடுங்க முடியாமல் போன வரிசை அது. மாமா தேயிலைச் செடியை வெட்டுவது போலச் சரசரவென்று வெட்டித் தள்ளினார். சாக்குத் துணிகூடக் கட்டவில்லை. நான் கவைக்கம்பால் கட்டுகளைத் தள்ளிக்கொண்டு பாறைப் பக்கம் திரும்பினேன்.

“அங்க எங்கடா போற? குழியில போடு.”

“பாறையிலதான் போடணும் மாமா. அம்மா வையும்.”

“எருவாகட்டும்டா. மண்ணுக்குச் சத்து.”

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டாயம் திட்டு விழும் என்று நினைத்தேன். அம்மா முள்ளைத் தரையில் ஊன்றி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். பாறையைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். பிறகு மாமாவின் கைகளைப் பார்த்தாள். அவை மணிக்கட்டு வரை சிவந்து வீங்கத் தொடங்கியிருந்தன.

“கையப் பாத்து, தம்பி,” என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு ஒரே சந்தோஷம். பாறைவரை சுமக்கிற வேலை மிச்சம். பூவும் விதையுமாக அத்தனையையும் எருக்குழியில் தள்ளி, மேலே சாணத்தைப் போட்டு மூடினோம். மாமா அன்றிரவு கையைத் தவிட்டில் வைத்துக்கொண்டு, தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“எங்க கங்காணி பாத்தா, அக்கா வீட்டு விருந்து பலம் போலன்னு கேப்பான்,” என்று அப்போதும் சிரிக்க வைத்தார்.

சித்திரை மழை தொடங்கியபோது அம்மா ஒருநாள் குழியைத் திறந்தாள். கூடை கூடையாக எருவை அள்ளிக் கிழங்குப் பாத்தியில் கொட்டினாள். எரு போடுவது எப்போதும் அப்பாவின் வேலை.

“அப்பா வர்றாரா?”

அம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள்.

“மண்ணு பசிச்சுக் கெடக்குடா,” என்றாள். “அள்ளிப் போடு.”

வருகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கிழங்கு போட நிலத்தைத் தயார் செய்கிறாள், வேறென்ன? அன்று நான் வேலை செய்தது போலப் பிறகு எந்த முதலாளிக்கும் செய்ததில்லை. ஒரு மூலை விடாமல் எருவைப் பரப்பினேன். பக்கத்துக் காம்பராப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன்கூட அன்று கள்ளத்தோணி என்று சொல்லவில்லை.

மழை பிடித்தது. முதலில் பாத்தி முழுவதும் பச்சையாக ஏதோ பொடியாக முளைத்தது. கீரை என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஓரத்தில் நின்ற காஞ்சொறி இப்போது நடுவில், எங்கும், ஒரு சாண் இடம் விடாமல் வந்துவிட்டது. நான் சாக்குத் துணியை எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் தங்கைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

“விடுடா. கைதான் புண்ணாகும்.”

நான் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பிடுங்கினேன். பிறகு பள்ளிக்கூடத்துக்கே போகாமல் பிடுங்கினேன். ஒரு பாத்தியை முடிப்பதற்குள் அடுத்தது இடுப்பளவு நின்றது. கையைத் தேய்த்துக்கொள்ளப் போனால் அம்மா கொண்டையை அவிழ்ப்பாள், கொல்லைப் பக்கம் பார்க்கமாட்டாள். ஆடி மாதம் கண்டாக்கையா வந்து பார்த்தார். இந்த முறை அம்மா பதில் சொல்லவில்லை. கொல்லை பக்கத்துக் காம்பராக்காரருக்குப் போயிற்று. அவர் அதை நெருப்பு வைத்து, உழுது, முட்டைக்கோஸ் போட்டார். அந்த வாரமே மாமா வந்தார். அம்மா தானாகவே பானைகளைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். அவள் மூன்றாவது பானையைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் நான் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்கதவால் இறங்கினேன்.

கொட்டகலைக்கு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அன்றைய கடைசி ரயிலில் ஒரு போலீஸ்காரரும் இரண்டு ஆட்டுக்குட்டிகளும் இறங்கினார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கார அம்மாள் என்னை வாசலில் பார்த்தாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அப்பாவைக் கூட்டிப் போக வந்தேன் என்றேன். எங்கேயிருந்து வருகிறார் என்று கேட்டாள். இந்தியா என்றேன். எந்த ரயிலில் என்று அவள் கேட்கவில்லை. ஒரு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்து, கோதுமை மாச்சாக்குகளின் பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னாள்.

காலையில் என் கைகளைப் பார்த்தாள்.

“காஞ்சொறியா? பிடுங்கத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

“பின்னால மண்டிக் கெடக்கு. பிடுங்கிப் போடு. சோறு தர்றேன். ரயிலு வந்தா போய்ப் பாத்துட்டு வா.”

அதைவிட நல்ல வேலை எனக்கு வேண்டியிருக்கவில்லை. கடைக்குப் பின்னால் நின்றால் தண்டவாளம் தெரிந்தது. சாக்கைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு, அம்மா பிடிக்கிற மாதிரி மண்ணை ஒட்டிப் பிடித்து இழுத்தேன். அதுவும் விதையோடுதான் நின்றது. ஒரு கட்டுச் சேர்ந்ததும், மூலையிலிருந்த எருக்குழியில் போடக் கொண்டு போனேன்.

“டேய், நில்லு,” என்று கடைக்குள்ளிருந்து குரல் வந்தது. கையில் வடிதுணியோடு ஓடி வந்தாள். “பூத்தத எவனாவது குழியில போடுவானா? எருவோட போயி ஊரெல்லாம் மொளைக்கும். கொல்லையே அழிஞ்சுரும். நல்லாத் தெரியும்னியே, இதுதான் தெரிஞ்ச லட்சணமா?”

“எங்க மாமா குழியிலதான் போட்டாரு.”

“உங்க மாமாவுக்கு அந்தக் கொல்லை மேல என்ன கோவமோ.”

“எங்கம்மாவும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க. எங்கம்மாதான் எருவ எடுத்துப் போட்டாங்க.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கட்டை வடிதுணியால் பிடித்து வாங்கித் தரையில் போட்டாள்.

“அந்தக் கல்லு மேல போட்டுக் காய வையி, ராசா. நான் தேத்தண்ணி கொண்டாறேன்,” என்றாள்.

கை எரிந்தது. தேய்க்க அம்மாவின் தலைமயிர் இல்லை. எனக்கோ பேனுக்காக ஒட்ட வெட்டிய தலை. அதிலேயே தேய்த்துக்கொண்டேன். மேலே வருகிற ரயில் ஊதியது. இந்தியாவிலிருந்து கப்பலேறித் தலைமன்னாரில் இறங்குகிறவர்கள் அதில்தான் வருவார்கள். கட்டைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே, அப்பா இறங்கியதும் முதலில் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொண்டேன். கொல்லை போய்விட்டது, ஆனால் யார்மேலும் கோபப்படாதீங்க; பூத்த காஞ்சொறியைக் குழியில் போடக் கூடாது என்று அம்மாவுக்கும் மாமாவுக்கும் தெரியாது.