இருபத்தைந்து கிலோவைப் பூட்டிய விதம்

பங்குனி மாதம், இரண்டாம் ஞாயிறு. மரக்காணம் உப்பளங்களை ஒட்டி, மனைப்பிரிவுக்காகத் தார் போட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தனியார் நிலம்.

காலை 6.15 – பரிசோதனைக் கூடாரம் திறக்கப்பட்டது.
7.40 – எண் 14 வண்டி எடைத்தட்டுகளில் ஏற்றப்பட்டது. ஆள் இல்லாமல் 701 கிலோ.
7.45 – ஓட்டுநர் எடை 86 எனப் பதிவு. மொத்தம் 787. இப்பிரிவின் குறைந்தபட்ச எடை, ஓட்டுநருடன் சேர்த்து, 785. தேர்ச்சி.
7.50 – ஓட்டுநர் ஆட்சேபம் தெரிவித்தார்.
7.52 – தேர்ச்சி ரத்து.

அன்றைய பதிவேட்டில் இவ்வளவே இருக்கிறது. 7.45 மணிப் பதிவு என் கையெழுத்தில் உள்ளது. அது பிழை. புதிதாகப் பரிசோதனைப் பணிக்கு வருபவர்கள் அந்தப் பிழையையும், அதன்பின் ஒரு பாரத்தை வண்டிக்குள் எப்படிப் பூட்டினோம் என்பதையும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

1. பதிவேடு

பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின், எங்கள் வட்டாரத்து அமெச்சூர் கார் பந்தயக் குழுவுக்குத் தொழில்நுட்பப் பரிசோதகராக இருந்து வருகிறேன். எண் 14 ஒரு பழைய சிறிய கார். இருக்கைகளையும் கதவு அட்டைகளையும் கழற்றிவிட்டு, உள்ளே குழாய்க் கூண்டு பற்றவைத்தது. அதைக் கட்டியவர்கள் இருவர்: என் மகன் கதிரவன், அவனுடைய நண்பன் யூசுப். ஓட்டியவன் கதிரவன். சென்ற ஆவணியில், வீட்டில், தூக்கத்தில் இதயம் நின்று அவன் இறந்தான். வயது முப்பத்து நான்கு. இந்தக் குறிப்புக்கு அதற்குமேல் தேவையில்லை.

பருவத்தின் கடைசிப் பந்தயத்தை யூசுப் ஓட்டுவதாக ஏற்பாடு. அவன் துபாயில் மெக்கானிக். விடுமுறையில் வந்திருந்தான், புதன்கிழமை விமானம். வேறு நாள் கிடையாது.

வண்டியை எடை பார்த்தபோது யூசுப் ஹெல்மெட் பரிசோதனை வரிசையில் நின்றிருந்தான். ஓட்டுநரைத் தட்டில் ஏற்றாமல் அவருடைய பழைய எடையை எழுதிக்கொள்வது எங்கள் குழுவில் வழக்கமாகிவிட்டிருந்தது. நானும் எழுதினேன். கூட்டினேன். கையெழுத்திட்டேன்.

யூசுப் வந்து தாளைப் படித்தான். வீட்டில் என்னை அப்பா என்று அழைப்பவன், கூடாரத்தில் சார் என்பான்.

"சார், இதுல எண்பத்தாறுன்னு இருக்குது."

"ஆமாம்."

"நான் அறுபத்தொண்ணு சார்."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். எண்பத்தாறு கதிரவனின் எடை.

அவன் பேசாமல் இருந்திருந்தால் வண்டி ஓடியிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. "இந்த வண்டிய ஏமாத்தி ஓட்டினேன்னு அவன் காதுல விழுந்தா சும்மா விடுவானா சார்?" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

என் கையெழுத்தை அடித்து, நேரம் எழுதினேன். என் சக பரிசோதகர் வசந்தாவிடம் தாளைக் கொடுத்து, "இனி இந்த வண்டிக்கு நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும். வேலையில் நான் உதவலாமா என்பதையும் நீங்களே சொல்லுங்கள்" என்றேன்.

"உதவலாம் சார். பேனாவ மட்டும் தொடாதீங்க," என்றார்.

உண்மையான மொத்தம் 762. குறைவு 23 கிலோ. பரிசோதனை 11.30 மணிக்கு முடியும். அதற்குள் பாரம் பூட்டப்படாவிட்டால் எண் 14 ஓடாது.

2. உப்பு மூட்டை

யூசுப்பின் அத்தா இப்ராஹிம் பாய் உப்பள உரிமையாளர். அவருடைய பாத்தி எங்கள் கூடாரத்திலிருந்து கூப்பிடு தூரம். மகன் போனில் சொன்ன பத்தாவது நிமிடம் அவர் மினி லாரியில் வந்து இறங்கினார். பின்னால் ஓர் உப்பு மூட்டை. அதன்மேல் லாரியில் சரக்கு கட்டும் பட்டை.

"இருபத்தஞ்சு கிலோ, கரெக்டா புடிச்சது. பக்கத்து சீட்டு இருந்த எடத்துல வச்சு இழுத்துக் கட்டிட்டா அசையாதுங்க சார். இந்தப் பட்டையில நான் டன் கணக்குல ஏத்தி அனுப்புறேன்."

மரக்காணத்துக்காரருக்கு எடை என்றதும் கை உப்பு மூட்டைக்குத்தான் போகும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விதி தெளிவானது. பாரம் ஒரே திடப்பொருளாக இருக்க வேண்டும். வண்டியின் தளத்தில் போல்ட் போட்டு, கருவி இல்லாமல் கழற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். முத்திரைக் கம்பி கோக்க அதில் துளை வேண்டும்.

"லாரி சுவரில் மோதினால் மூட்டை எங்கே போகும், பாய்?" என்று கேட்டேன்.

"லாரி ஏன் சார் சுவத்துல மோதுது?"

கூடாரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று வசந்தா பிற்பாடு சொன்னார்.

மூட்டையை இறக்க வந்திருந்த அஞ்சலை, பாயிடம் உப்பு வாரும் வேலை செய்பவர். அவர் மூட்டையின் அடியைத் தடவி, விரலை உயர்த்திக் காட்டினார். ஈரம்.

"பாய், இத எப்ப எடை போட்டீங்க?"

"இன்னைக்குக் காலையிலதான். ஆறு மணிக்கு."

"பனியில கெடந்த உப்ப விடியக்காலையில எடை போட்டா அது சொல்றது உப்போட எடையா, தண்ணியோட எடையா? வெயில் ஏறட்டும், பாதி ஒழுகிடும். வாங்க வர்றவன்கிட்ட சொல்ற கதைய வாத்தியார்கிட்ட சொல்றீங்களே!"

"நீ யாரு கட்சி?"

"தராசு கட்சி."

மூட்டை எடைத்தட்டில் வைக்கப்பட்டது. இருபத்தைந்து காட்டியது. ஒன்பது மணிக்கு மீண்டும் பார்த்தோம். இருபத்து நான்கு. தட்டின்மேல் கசிந்த நீர் நின்றது. பாதி ஒழுகவில்லை என்றாலும் அஞ்சலையின் வாதம் ஜெயித்தது. அந்த நீர் காரின் தகட்டில் இறங்கினால் என்னவாகும் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

3. தகடு

கணக்கு எளிது. எஃகு, நாற்பது சென்டிமீட்டர் சதுரம், இரண்டு சென்டிமீட்டர் கனம்: இருபத்தைந்து கிலோ. ஞாயிறன்று கடைகள் மூடியிருந்தன. அப்படி ஒரு தகடு எங்காவது கிடக்கிறதா என்று கேட்டேன்.

பாய் யோசித்தார். அஞ்சலை யோசிக்கவில்லை. "பழைய டீசல் இஞ்சின் அடியில போட்டிருந்தோமே, அது? நான் தெனம் அதுமேலதான் சோத்துச் சட்டிய வைக்கிறேன்."

பாத்திக்கு நீர் இறைத்த என்ஜினைக் கழற்றி வருடங்களாகிவிட்டன. அதன் அடித்தகடு கொட்டகையில் கிடந்தது. நான்கு மூலையிலும் துளைகள் ஏற்கெனவே இருந்தன. மேலே துருப் படலம். உள்ளே நல்ல எஃகு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு தட்டில் வைத்தோம். இருபத்தைந்து.

"என் சட்டிக்கு வேற எடம் பாத்துக் குடுங்க," என்றார் அஞ்சலை.

இனி வருவது முறை. தகட்டை வைக்கப்போகும் இடத்தைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல தளம் மணி போல ஒலிக்கும். துருப்பிடித்தது அட்டை போல ஒலிக்கும். எண் 14 வண்டியின் முன்பக்கம் அட்டை போல ஒலித்தது. ஆகவே தகட்டை நான்கு விரற்கடை பின்னுக்குத் தள்ளி, குறுக்குச் சட்டத்தின்மேல் வரும்படி அமைத்தோம். யூசுப் தளத்தில் நான்கு துளைகளும், தகட்டின் ஓரத்தில் முத்திரைக் கம்பிக்கு ஒன்றும் இட்டான். பத்து மில்லிமீட்டர் உயர்வலிமை போல்ட்கள் நான்கு. தளத்துக்கு அடியில் இரண்டு பட்டைத் தகடுகள். தானாகத் தளராத நட்டுகள். சாதாரண வாஷர் மட்டும் போட்டால், மோதலில் போல்ட் அறாது. தளத்தையே கிழித்துக்கொண்டு வெளியேறும். கடும் மோதலில் இருபத்தைந்து கிலோ ஒரு கணம் அறுநூறு கிலோவாக இழுக்கும். அந்த நேரத்தில் அது ஓட்டுநரின் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது போல்ட்டை முடுக்கும்போது யூசுப் ஸ்பேனரை நிறுத்தினான். என்னைப் பார்க்காமல் பேசினான்.

"அப்பா, அவன் எடைக்குப் பதிலா இத வைக்கிறோம்ல."

"விதிப்படி, குறைவுக்குப் பதிலாக வைக்கிறோம்," என்றேன். "மூலைக்கு மூலை மாற்றி முடுக்கு. இல்லாவிட்டால் தகடு சாயும்."

"சரிங்கப்பா."

அன்று அவன் கூடாரத்தில் என்னை அப்பா என்றதை நான் திருத்தவில்லை.

11.10 மணிக்கு, யூசுப் ஹெல்மெட்டுடன் உள்ளே அமர, வண்டி மீண்டும் எடைத்தட்டுகளில் ஏறியது. 788. கதிரவன் இருந்தபோது 787. போல்ட்டும் பட்டைத் தகடும் ஒரு கிலோ. வசந்தா இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். முத்திரைக் கம்பியைக் கோத்து, அதன் முனையில் ஈயத்தை நசுக்கி முத்திரையிட்டார். 11.22. எண் 14 மூன்று சுற்றுகள் ஓடியது. பிரிவில் ஐந்தாம் இடம். திரும்பி வந்ததும் தகட்டைக் கையால் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

4. கற்றது

நான் மாணவர்களிடம், அளக்காததை எழுதாதே என்று ஆண்டுதோறும் சொன்னவன். நன்றாகத் தெரிந்த எண்ணைத்தான் நாம் அளக்காமல் எழுதுகிறோம். தெரியாத எண்ணை யாரும் அப்படி எழுதுவதில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் ஆளைத் தட்டில் ஏற்றுங்கள். நேற்று ஏற்றியவராக இருந்தாலும், உங்கள் வீட்டில் வளர்ந்தவராக இருந்தாலும் ஏற்றுங்கள். அன்று உங்களால் முடியாது என்று தோன்றினால், பேனாவைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அது விடுப்பல்ல. அதுவும் பரிசோதகரின் வேலைதான்.

செய்யாமல் நிற்கும் வேலைகள்:

எண் 14 வண்டியின் முன்தளத்தில் துருப்பிடித்த பகுதியை வெட்டி, புதுத் தகடு பற்றவைக்க வேண்டும்.

பழைய எடையை எழுதிக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தக் குழுவுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

அஞ்சலையின் சோற்றுச் சட்டிக்கு ஒரு தகடு கொடுக்க வேண்டும்.

ஓட்டுநர் கதவில் எழுதியிருக்கும் பெயரையும் ரத்த வகையையும் மாற்ற வேண்டும். யூசுப்புக்கு ஓ பாசிட்டிவ். கதவில் இருப்பது பி பாசிட்டிவ். விதிப்படி அன்றே மாற்றியிருக்க வேண்டும். வசந்தா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.