புள்ளி வைத்த ஆங்கிலம்

1. அதிகாரி வந்த காலை

கல்வி இலாகா அதிகாரி வேண்டுமென்றேதான் புத்தகத்தைத் தலைகீழாக நீட்டினார். நான்காம் ஆண்டு மாணவி தவமலர் அதை அப்படியே வாங்கி, நிமிர்ந்து நின்று, ஒரு பிழையும் இல்லாமல் படித்தாள்.

"திஸ் இஸ் மை பேக். மை பேக் இஸ் பிக்."

சரியான இடத்தில் பக்கத்தையும் திருப்பினாள். அதுதான் கொடுமை. அதிகாரி குனிந்து ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்று கேட்டார். தவமலர் முதல் வரியிலிருந்து முணுமுணுத்தபடி விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள். புத்தகம் தலைகீழாக இருந்ததால் எண்ணிக்கை எங்கோ போய் முட்டியது.

"பிக்?" என்றாள்.

"இல்லை."

"அப்போ மை."

"இல்லை."

"அப்போ நீங்களே சொல்லிடுங்க சார்," என்றாள் அவள்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வகுப்பு முழுவதும் சிரித்தது. கடைசியில் அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அடுத்த தவணை வருவேன் டீச்சர். அப்போ யாரும் சிரிக்கிற மாதிரி இருக்கக் கூடாது."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் நான் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து நான்கு. வேலை இன்னும் உறுதியாகவில்லை. எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே நானும் சொல்லிக்கொடுத்தேன்: சி-ஏ-டி கேட், டி-ஓ-ஜி டோக். பிள்ளைகள் காதால் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். கண்ணுக்கு வேலையே இல்லை. ஒரு வருடமாக நான் பாட்டு வாத்தியாராக இருந்திருக்கிறேன் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

2. பெட்டியும் புத்தகமும்

தலைமையாசிரியர் மாணிக்கம் சார் அமைதியானவர். கோபம் வந்தால் பலகையில் எழுதும் சாக்குக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அன்று இரண்டு கட்டிகள் போயின.

"ஏதோ ஃபோனிக்ஸ்னு ஒன்னு இருக்காம் டீச்சர். எழுத்தோட பேரைச் சொல்லாம சத்தத்தைச் சொல்லிப் படிக்கிறது. தோட்ட மேனேஜர்கிட்ட பேசிட்டேன். ஒரு செட் வாங்கித் தர்றேன்னாரு. ஒன்னுதான். எதுன்னு நாம முடிவு பண்ணணும்."

அடுத்த வாரம் கிள்ளானிலிருந்து ஒரு விற்பனையாளர் வந்தார். கழுத்தில் டை கட்டியிருந்தார். தோட்டத்துச் செம்மண் அதற்குள் அவருடைய கால் சப்பாத்தை வேறு நிறமாக்கியிருந்தது. காரிலிருந்து ஒரு பெரிய பெட்டியை இறக்கினார். அதற்குள் பன்னிரண்டு கேசட்டுகள், பளபளப்பான வண்ணப் படங்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு துணிப் பொம்மை.

"கேசட்டப் போட்டுவிட்டுட்டு நீங்க போய் டீ குடிக்கலாம் லா டீச்சர். லண்டன்காரியே வந்து பாடம் நடத்துற மாதிரி."

நான் ஒரு பொம்மையைக் கையில் மாட்டி வாயைத் திறந்து மூடிப் பார்த்தேன். அந்த நிமிடமே பெட்டியின் மேல் காதல் வந்துவிட்டது.

இன்னொன்று மெல்லிய புத்தகம். தலைமையாசிரியர் யாரிடமோ சொல்லி வரவழைத்தது. படம் இல்லை, வண்ணம் இல்லை. பின்பக்கத்தில் இருக்கும் எழுத்துக் கட்டங்களை நாமே கத்தரித்து அட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்திலேயே, ஆசிரியர் முதலில் ஒலிகளைத் தானே பழக வேண்டும் என்று போட்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவேயில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி நல்லநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையும் மடிப்புக் கலையாத சட்டையுமாகத்தான் வருவார். ஆங்கிலக் கடிதம் எழுதுவதில் அந்த வட்டாரத்திலேயே அவருக்கு நிகர் கிடையாது. மெல்லிய புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"உது புத்தகமோ, பலசரக்குக் கடைக் கணக்குக் கொப்பியோ? பெட்டியை எடுங்கோ. வெள்ளைக்காரியின்ர குரல். பிள்ளையள் வடிவாக் கதைக்கும்."

மாணிக்கம் சார் சாக்குக்கட்டியை எடுக்கவில்லை. "ரெண்டு வாரம் இது, ரெண்டு வாரம் அது. பாத்துட்டு மீட்டிங்ல முடிவு செய்வோம் ஐயா."

3. லண்டன்காரிக்கு நேர்ந்தது

எங்கள் பள்ளிக்குப் பகலில் மின்சாரம் கிடையாது. தோட்டத்து மின் இயந்திரம் சாயங்காலம்தான் ஓடும். அதனால் பள்ளியின் கேசட் ரேடியோவுக்கு ஆறு பெரிய பேட்டரிகள் போட்டோம். முதல் வாரம் சொர்க்கம். லண்டன்காரி "ம்ம்ம்" என்றாள், பிள்ளைகள் "ம்ம்ம்" என்றார்கள். "ஸ்ஸ்ஸ்" என்றாள், முப்பது பேரும் சீறினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் பாம்பென்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடி வந்தார்.

இரண்டாவது வாரம் பேட்டரி இறங்கத் தொடங்கியது. ஒரேயடியாக இறங்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. லண்டன்காரி மெல்ல மெல்லக் குரல் தடித்து, நடுவயது ஆணாகி, பிறகு கிணற்றுக்குள்ளிருந்து பேசும் கிழவனானாள். நான் பின்னால் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் உண்மையுள்ளவர்கள். கேட்டதை அப்படியே சொன்னார்கள்.

"ஏஏஏஏஎப்ப்ப்ப்புளூளூ..."

முப்பது குழந்தைகள் அடித்தொண்டையில் ஆப்பிளை முனகிக்கொண்டிருந்தபோது பெரிய கிராணி வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன பிள்ளை இது? பள்ளிக்கூடத்துக்குள்ள ஆவி கீவி வந்திட்டுதோ?"

நான் ஓடிப்போய் ரேடியோவை அணைத்தேன். பிள்ளைகள் நிறுத்தவில்லை. அன்று மாலை தொழிலாளர் லயத்து வீடுகளில் பாதிக்குமேல் அதே குரலில் ஆப்பிள் முனகியதாக மறுநாள் கேள்விப்பட்டேன். "புது பேட்டரி போட்டாச் சரியாயிடும்," என்று கிராணியிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அப்போதும் பெட்டியை விட எனக்கு மனம் வரவில்லை.

புதுப் பேட்டரி வரும்வரை வேறு வழியில்லாமல் ஒன்று செய்தேன். பாடத்தில் வந்த எழுத்துகளைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. "கேசட்டு மாமி வாயத் தொறந்தாத்தான் டீச்சர் எங்களுக்கு வரும்," என்றாள் தவமலர். இதுவும் பாட்டுதான். பாட்டு வாத்தியார் மட்டும் மாறியிருக்கிறார்.

4. தவமலரின் கேள்வி

மெல்லிய புத்தகத்தோடு உட்கார்ந்தேன். முதல் நாளே தடுக்கி விழுந்தேன். எம், ஏ, டி மூன்று அட்டைகளை வைத்து, "மு... ஏ... டு... சேர்த்துச் சொல்லுங்க," என்றேன்.

"முஏடு!" என்றது வகுப்பு.

"மேட்," என்றேன்.

"எப்படி டீச்சர்? மு எங்க போச்சு?"

நியாயமான கேள்வி. மூன்று நாள் அதே கூத்து. வீட்டில் கண்ணாடி முன் நின்று வாயைக் கோணிக் கோணிப் பார்த்தேன். "உனக்கு என்னா, பல்வலியா?" என்று அம்மா கேட்டார்.

நான்காம் நாள் தவமலர் கையைத் தூக்கினாள். "டீச்சர், அது மு இல்ல. ம்-தானே? அதுக்குப் புள்ளி வச்சிட்டா என்னா?"

"எதுக்கு?"

"எம்முக்கு."

வந்து பலகையில் எழுதியிருந்த எம்மின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள். டி-யின் தலையிலும் ஒன்று. பிறகு ஏதோ பழைய சங்கதி போலப் படித்தாள்: "ம்... ஏ... ட். மேட்."

இந்தப் பிள்ளைகளுக்கு மெய்யெழுத்து முதலாம் ஆண்டிலேயே தெரியும். உயிர் சேராத சத்தம் எது என்பது உலகத்தில் யாரைவிடவும் இவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை ஆங்கிலத்துக்குப் பயன்படுத்தலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, நான் உட்பட.

அதன் பிறகு வகுப்பைப் பிடிக்க முடியவில்லை. எல்லோரும் எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்தார்கள். ஸ், ப், ன், ட் என்று அட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கிக் கத்தினார்கள். "சேட்! பேன்! டேப்!" நடுவில் ஒருத்தி எழுந்து, "டீச்சர், சின்ன ஐ எழுத்து ஏற்கெனவே புள்ளியோட இருக்கே, அது மெய்யா?" என்று கேட்டாள். பத்து நிமிடம் பெரிய விவாதம். ஐ பொய்ப்புள்ளி வைத்து ஏமாற்றுகிறது என்று தீர்ப்பாகியது. நம்முடைய புள்ளி சிவப்பு என்று முடிவு செய்தோம். பள்ளியில் இருந்த சிவப்புச் சாக்குக்கட்டிகள் இரண்டே நாளில் தீர்ந்தன.

5. கூட்டம்

சனிக்கிழமை மதியம் பள்ளி மண்டபத்தில் கூட்டம். பெரிய கிராணி முன்வரிசையில் உட்கார்ந்து, பலகையில் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார்.

"இங்கிலீசுக்குப் புள்ளி வைக்கிற பள்ளிக்கூடம் உலகத்திலேயே இது ஒண்டுதான். கல்வி இலாகா ஆக்கள் கண்டா என்ன சொல்லுவினம்? பெட்டியை எடுங்கோ, நிறைய பேட்டரி வாங்குங்கோ. அவ்வளவுதான் கதை."

"பிள்ளையை ஒரு தரம் படிக்கச் சொல்லிப் பாருங்க ஐயா," என்றேன். "நீங்களே எழுதுங்க. நான் சொல்லிக்கொடுக்காத சொல்லா எழுதுங்க."

அவர் எழுந்தார். அழகான கையெழுத்தில் ஒரு சொல் எழுதினார். தவமலர் முன்னால் வந்து பலகைக்கு மூக்கு முட்டும் தூரத்தில் நின்றாள்.

"ல்... ஏ... ம்... ப். லேம்ப்!"

பின்வரிசையில், "வெளக்கு தானே?" என்று ஒரு குரல். கைதட்டல். கிராணி அடுத்ததை எழுதினார்.

"ஸ்... ட்... ஏ... ம்... ப். ஸ்டேம்ப்! கிராணி ஐயா மேசையில இருக்குமே, அது!"

மண்டபம் ஆரவாரித்தது. கிராணி சிரிக்காமல் மூன்றாவது சொல்லை எழுதினார். நைஃப் என்ற சொல். முதலில் ஒரு கே சும்மா நிற்கும், கடைசியில் ஒரு ஈ சும்மா நிற்கும்.

தவமலர் உதட்டைக் கடித்தாள். "க்... ன்... இ... ஃப்... எ..." மூச்சை இழுத்து, முழு நம்பிக்கையோடு சொன்னாள்: "கினிஃபெ!"

சிரிப்பு வெடித்தது. "பாத்தியளே!" என்று கிராணி சபையைத் திரும்பிப் பார்த்தார். "கத்தியைக் கினிஃபெ எண்டு வாசிக்குது!"

அவர் சொன்னது உண்மை. அப்போது பின்வரிசையிலிருந்து தவமலரின் அம்மா பாக்கியம் எழுந்தார். வேலை முடிந்து நேராக வந்தவர், தலையில் துண்டு அப்படியே இருந்தது.

"ஐயா, எனக்கு இங்கிலீஸ் தெரியாது. ஒன்னு கேக்குறேன். போன மாசம் என் புள்ள புத்தகத்தத் தலகீழா வச்சிக்கிட்டு எல்லாத்தையும் சரியா படிச்சிச்சு. இன்னிக்கு எழுத்தப் பாத்துத் தப்பா படிச்சிச்சு. இதுல எது ஐயா படிப்பு?"

கிராணி பலகையைப் பார்த்தார். பிறகு தவமலரைப் பார்த்தார். அவள் சளைக்காமல் இன்னும் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "கினைஃப்? நிஃபெ?"

அவருடைய தோள்கள் குலுங்கின. முதலில் பயந்துபோனேன். கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தியபோதுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. அவர் சிரித்து அதுவரை தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

"சரி. மெல்லிய புத்தகத்தையே எடுங்கோ," என்றார் கடைசியில். "ஆனா இந்தக் கே மாதிரிக் கள்ளச் சொல்லெல்லாம் சத்தத்துக்கு அடங்காது பிள்ளை. அதுகளைப் பாடமாக்கத்தான் வேணும். வெள்ளிக்கிழமையில நான் வாறன்."

சொன்னபடி வந்தார். வெள்ளிதோறும் ஐந்து கள்ளச் சொற்களைத் தட்டச்சு செய்து கொண்டுவருவார். பிள்ளைகள் அவற்றுக்குக் கள்ளன் பட்டியல் என்று பேர் வைத்தார்கள். கிள்ளான்காரர் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போனபோது, பொம்மைகளுக்கு மட்டும் நான் ரகசியமாகக் கையசைத்தேன். அடுத்த தவணை அதிகாரி வந்தார். பிள்ளைகள் மெதுவாக, திக்கித் திக்கி, அங்கங்கே தவறாகப் படித்தார்கள். அவர் நீண்ட நேரம் கேட்டுவிட்டுக் கோப்பில் ஏதோ எழுதினார். மறு வருடம் என் வேலை உறுதியானது.

6. லோரிப் பயணம்

அதிகாரி வந்துபோன அந்தத் தவணை முடிவில் பிள்ளைகளைத் தோட்டத்து லோரியில் ஏற்றி பாசிர் பெனம்பாங்குக்கு மீன்பிடிப் படகு பார்க்கக் கூட்டிப்போனோம். போகிற வழியெல்லாம் பலகைகள். ஒன்றையும் விடவில்லை. மலாய்ச் சொற்கள் எழுதியபடியே ஒலிப்பதால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் படித்தார்கள். ஆங்கிலம் வந்தால் தகராறு. ஒரு டயர் கடையை 'டிரெ' என்று முப்பது பேரும் வாழ்த்தினார்கள். மாணிக்கம் சார் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

படகுத்துறைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இறங்கினோம். ஆளுக்கொரு மூலையில் எதையாவது உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். தவமலர் மட்டும் காலைப் பின்னிக்கொண்டு ஒரு கதவின் முன் நின்றாள். முகம் சிவந்திருந்தது. எதையும் கேட்பவள், இதை மட்டும் யாரிடமும் கேட்கக் கூச்சம். அதை நான் அப்போது கவனிக்கவில்லை. கதவில் இருந்த எழுத்துகள் மேல் அவள் விரல் ஊர்வதைத்தான் பார்த்தேன்.

"ட்... ஒ... இ... ல்... எ... ட். டொயிலெட்." மறுபடியும். "டொய்லெட்..." சட்டென்று கண்கள் விரிந்தன. "டீச்சர்! டாய்லெட்டு!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வெளியே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு இருபத்தைந்து வருடங்களுக்கும் மேல் வேலை பார்த்தேன். எத்தனையோ பாடத்திட்டங்கள் வந்தன, போயின. தேர்வு செய்யும் குழுக்களில் என்னையும் உட்கார வைத்தார்கள். இளம் ஆசிரியர்கள் என்னிடம் எதைப் பார்த்துத் தேர்வு செய்வது என்று கேட்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான். டீச்சர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவசரத்தில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு அது கதவைத் திறந்துவிடுமா என்று பாருங்கள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "டீச்சர், இங்க தண்ணிக் கொழாயில கூட எழுதியிருக்கு! படிக்கவா?"