அம்மா பதியாமல் விட்ட கதவு

என் அம்மா எடெல்மிரா, கமாகுவே நகர வானொலியில் நாடகங்களுக்கு ஒலி சேர்த்தவள். அவளோடு ஒரே வீட்டில் வாழ்வது சுலபமில்லை. வாழைக்காய் பொரித்தால் எண்ணெய்ச் சத்தத்தை மழையென்று பதிவாள். பதிவு முடிவதற்குள் வாழைக்காய் கருகிவிடும்.

"தகரத்துல விழுற மழை தனிமை. வாழை இலையில விழுந்தா காதல். இந்த எண்ணெய் மழை சந்தேகம்," என்பாள்.

எனக்குப் பசி.

அப்பா எங்களை விட்டுப் போன மத்தியானம் தெருக்கதவை ஓங்கி அறைந்தார். அம்மா அவர் பின்னாலேயே ஓடினாள். தடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மேசையில் பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"ரிகோபெர்த்தோ, இன்னொரு தடவை சாத்திட்டுப் போ. ஊசி சிவப்புக்குப் போயி சத்தம் உடைஞ்சிடுச்சு. அளவைக் குறைச்சு வச்சிடுறேன்," என்றாள்.

அப்பா திரும்பி வந்து இன்னும் பலமாகச் சாத்தினார். அதற்குப் பிறகு எந்த நாடகத்தில் யார் கோபித்துக்கொண்டு வெளியேறினாலும், மாகாணம் முழுக்கக் கேட்டது என் அப்பா போகும் சத்தம்தான்.

மின்வெட்டு வந்தால் ஊரே சபிக்கும். அம்மா மட்டும் பேட்டரியில் ஓடும் பதிவுக் கருவியைத் தேடி ஓடுவாள். மின்விசிறி, ஃபிரிட்ஜ், அடுத்த வீட்டுப் பாட்டு எல்லாம் அடங்கும் நேரம் அதுதான். ஆனால் வெக்கை தாங்காத ஆண்கள் அப்போதுதான் நடைபாதையில் மேசை போட்டு, டாமினோ ஆட்டக் கட்டைகளை அதில் ஓங்கி அடிக்கத் தொடங்குவார்கள். அவர்களோடு அவளுக்குத் தீராத சண்டை.

போன வாரம் மாரடைப்பில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாள் நாடக இயக்குநர் நிவால்தோ துக்கம் விசாரிக்க வந்தார். காபி குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார். ஓடிக்கொண்டிருக்கும் நாடகத் தொடரின் கடைசிப் பகுதிக்கு அம்மா ஒரு கதவுச் சத்தம் தருவதாகச் சொல்லியிருந்தாளாம். கதையில் ஒரு பெண் பிறந்த வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறாள்.

"அப்பாவோட கதவு இருக்கே."

"அது கோபம். இவளுக்குப் போக மனசில்ல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கிடைக்கலன்னா இணையத்துல ஒரு கதவை எடுத்துப் போட்டுடுவேன்."

ஏதோ பனி பெய்யும் நாட்டுக் கதவு, அம்மாவின் கடைசி நாடகத்தில். நானே தருகிறேன் என்றேன். நான் ஹவானாவில் தொலைபேசித் துறைப் பொறியாளர். ஒலி அளவெல்லாம் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே மின்வெட்டு வந்தது. கூடவே டாமினோவும் வந்தது.

"அர்செனியோ மாமா, கொஞ்ச நேரம் அடிக்காம ஆடுங்க."

"உங்கம்மாதான் ஆட விடல. இனிமேலாவது நிம்மதியா அடிக்கலாம்னு பாத்தா, அவ இடத்துக்கு உன்ன வச்சிட்டுப் போயிருக்கா," என்றார் அடுத்த வீட்டு அர்செனியோ. ஆனாலும் கட்டைகளை மெதுவாக வைத்தார்கள்.

மெதுவாக, வேகமாக, பாதியில் நிறுத்தி என்று பல விதமாகச் சாத்திப் பதிந்தேன். துளி இரைச்சல் இல்லை. அன்றிரவே வானொலி நிலையத்தில் நிவால்தோ அதைப் போட்டுக் கேட்டார்.

"கதவு மூடுது. யாரும் போகலையே."

"கதவுன்னா மூடத்தான் செய்யும்."

"எங்கிட்ட எரிஞ்சு விழாத மகளே. உங்கம்மாவைக் கேளு," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை எனக்கு ஹவானா பஸ். விடிந்ததும் மின்வெட்டு. கருவியை ஓடவிட்டுச் சாத்திச் சாத்திப் பார்த்தேன். தோள்தான் வலித்தது. நிவால்தோ இணையத்துக் கதவையே போடட்டும் என்று விட்டுவிட்டேன். ஃபிரிட்ஜைக் காலிசெய்தேன், ஜன்னல்களை மூடினேன், பெட்டியைத் தூக்கினேன். "வரேம்மா" என்று வாய்வரை மட்டும் வந்தது. மழையில் ஊறி உப்பிய கதவு அது, கடைசியில் முழங்காலால் தள்ள வேண்டும். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தள்ளினேன்.

சாவியை அர்செனியோவிடம் கொடுத்துவிட்டுத் தெருமுனைவரை போன பிறகுதான் கருவி உள்ளேயே ஓடிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது.

"என்னடி, அதுக்குள்ள திரும்பிட்ட?"

"சாவியக் குடுங்க மாமா. எதுவும் கேக்காதீங்க."

வானொலி நிலையம் பஸ்ஸுக்குப் போகும் வழியில்தான் இருந்தது. நிவால்தோ ஒரு முறை கேட்டார். மறுபடியும் கேட்டார்.

"இதுதான்," என்றார். "அப்புறம் கதவு திறக்குதே. யாரோ திட்டிக்கிட்டே உள்ள வர்றாங்க."

"நான்தான். கருவிய எடுக்க வந்தேன்."

"கதையில அவ திரும்பி வர மாட்டா. வெட்டிடவா?"

"வெட்டுங்க."