பெரிய ஆட்களுக்கான தூசில்லா அறை

நான் செய்யும் தொழிலை எங்கள் ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. தூசு இல்லாத அறைகளை வரைந்து கட்டுவிப்பவள் என்று சொன்னால், எங்கட வீட்டையும் ஒருக்கா வந்து கூட்டிப்போட்டுப் போங்களேன் என்பார்கள். கல்பிட்டிப் பக்கம் காற்றடிக்கும் மாதங்களில் சோற்றில் மணல், பாயில் மணல், ரோட்டில் நிற்கும் கழுதையின் இமையில்கூட மணல். இந்த மண்ணில் ஒருத்தி தூசை வெளியே நிறுத்தப் போகிறேன் என்று கிளம்பினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

எனக்கு அது சிரிப்பில்லை. கொழும்பில் ஒரு கம்பனியில் வருஷக்கணக்காக மற்றவர்கள் வரைந்த கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் போட்டுக்கொடுத்தவள் நான். பெயர் அவர்களுக்கு, குழாய் எனக்கு. முதல் தடவையாக ஒரு அறை, அடித்தளம் தொடங்கிக் கூரை வரை, என் பெயரில் வந்தது. அதுவும் சொந்தக் கரையில். அங்கே செய்யப்போகும் பொருளை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களின் ஆட்கள் வந்து அளந்து பார்த்து, சரி என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு யாருக்கும் குழாய் வரைய வேண்டியதில்லை.

அறையின் சொந்தக்காரர் இறால் வளர்ப்பில் எழும்பிய முதலாளி. இறாலுக்கு நோய் வந்து தொட்டிகள் காய்ந்த பிறகு, கடல்நீர்க் களப்போரத்துக் கட்டடம் சும்மா கிடந்தது. எங்கேயோ ஒரு கூட்டத்தில் 'நனோ' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வந்தார். நனோ என்றால் என்னவென்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் சொல்லும்போது வாயில் தொதல் இனிப்பு வைத்திருப்பதுபோல் ஒரு சந்தோஷம். அங்கே செய்யவிருந்தது, தண்ணீரில் என்ன நஞ்சு கலந்திருக்கிறது என்று சொல்லும் நகத்தளவுச் சில்லு. அதன் மேல் பூசும் பூச்சு, தலைமயிரை ஆயிரமாகக் கிழித்தால் வரும் தடிப்பைவிடக் குறைவு. அதில் ஒரு சட்டை நூலின் தூள் விழுந்தாலும், ரோட்டுக்குக் குறுக்கே தென்னை விழுந்த மாதிரி.

ஆகவே அறைக்குள் வடிகட்டிய காற்று முகட்டிலிருந்து இரவு பகலாக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே இருப்பதைவிட உள்ளே காற்றழுத்தம் கூட இருந்தால்தான், கதவு திறந்தாலும் தூசு உள்ளே வராது. போகிறவர்கள் உச்சி முதல் பாதம் வரை வெள்ளை அங்கி போட வேண்டும். இதையெல்லாம் நான் பொறுமையாகச் சொல்லி முடித்ததும், களப்பைப் பார்த்த பக்கம் இரண்டு பெரிய ஜன்னல் வைத்தால் நல்ல சுத்தமான கடல் காற்று சும்மா வருமே என்றார். பிறகு கம்பளம் கேட்டார். பிறகு நடுவில் தொங்க ஒரு சரவிளக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாண மண்டபம் கட்ட வேறு ஆளைப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கோபிப்பதற்கும் ஒரு ஆள் தகுதியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

உண்மையான சண்டை திறப்பு விழாவில்தான் வந்தது. அறைக்குள்ளேயே குத்துவிளக்கு ஏற்ற வேண்டுமாம். பால் பொங்க வைக்க வேண்டுமாம். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் சப்பாத்தோடு உள்ளே வந்து படம் பிடிக்க வேண்டுமாம். அவர்களுக்கு அங்கி மாட்டச் சொல்வது மரியாதை இல்லையாம். வடிகட்டிகளின் விலை தெரிந்த மனுசன்தான் இதைச் சொல்கிறார். நான் கத்தினேன், கெஞ்சினேன், கடைசியில் மூளையைப் பாவித்தேன். பக்கத்தில் பழைய களஞ்சியம் ஒன்று இருந்தது. அதற்கு வெள்ளைச் சுவர், பெரிய கண்ணாடி, மஞ்சள் விளக்கு, காற்றடிக்கிற இரண்டு மின்விசிறி எல்லாம் போட்டு, வெறும் காட்சி அறையாக்கினேன். பார்க்கிறவனுக்குப் படத்தில் வரும் ஆய்வுகூடமே தோற்றுப்போகும்.

"பெரிய ஆக்கள் வந்தா இந்த ரூமைக் காட்டுங்க. மற்ற ரூமுக்குள்ள ஒருத்தரையும் விடாதீங்க. காற்றை மட்டும் எந்த நாளும் நிப்பாட்டவே வேணாம்" என்று முதலாளியிடம் சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டினார்.

விழா அமோகம். உடப்பிலிருந்து ஐயர் திருநீற்றோடு வந்தார். சிலாபம் பக்கமிருந்து ஃபாதர் ஆசீர்வதித்த தண்ணீரோடு வந்தார். பௌத்த பிக்கு, ஹாமதுரு, ஓதிக் கட்டும் பிரித் நூலோடு வந்தார். மௌலவி துஆ ஓத வந்தபோது சாம்பிராணிச் சட்டி அவருக்கு முன்னால் வந்தது. கூப்பிட்ட மரியாதைக்கு வந்தவர்கள், அவர்கள் மேல் குறையில்லை. இந்த நாட்டில் நாலு மதமும் சேர்ந்து ஒரு வேலையை இவ்வளவு ஒற்றுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை. கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில் ஒரு அரசியல்வாதி நாடாவை வெட்டினார். உதறினால் அரைக் கரண்டி தூள் விழும் உடுப்பு. தூசை ஒழிப்போம் என்று பேசிவிட்டுப் போனார். பக்கத்து அறையில் என் காற்று அமைதியாக இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

வாங்குகிறவர்களின் பயணம் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு தடவையும் தள்ளிப்போனது. நான் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கேட்கும் ஒரே கேள்வி, காற்று ஓடுகிறதா என்பதுதான். ஓம் ஓம், ஓடுது என்பார். இதற்கிடையில் காட்சி அறை பேர்பெற்றுவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெள்ளை அங்கி போட்டுக் கலியாண அல்பத்துக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள் என்றும் கேள்வி.

ஒருவழியாக வாங்குகிறவர்களின் ஆள் வந்தார். நரைத்த முடி கட்டையாக வெட்டிய பெண், அதிகம் பேசாதவர். நானே கூட்டிக்கொண்டு போனேன், மொழிபெயர்ப்பும் நானே. முதலாளி நேரே காட்சி அறைக்குள் அழைத்துப்போய்க் கையை விரித்தார். அந்தப் பெண் தூசு எண்ணும் கருவியைத் திறந்தார், எண்ணைப் பார்த்தார், கருவி பழுதோ என்று தட்டிப் பார்த்தார். இது பார்வைக்குக் கட்டியது, உண்மையான அறை பக்கத்தில் என்று நான் அவசரமாகச் சொல்லிக்கொண்டே போய் மற்றக் கதவைத் திறந்தேன்.

காற்று இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதன் கீழே, முகடு தொடுமளவுக்கு, சிவப்பு வலைப்பைகளில் சின்ன வெங்காயம். உரிந்த தோல்கள் என் வடிகட்டிய காற்றில் அழகாகச் சுற்றின.

முதலாளிக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"ஊரெல்லாம் வெங்காயத்துக்கு விலை விழுந்து போச்சு மகள், வெளியில வச்சா அழுகிப் போகும். காற்றை நிப்பாட்ட வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க, அது சும்மா ஓடிக்கிட்டு ஈந்திச்சு. ஒங்கட ரூம் நல்ல ரூம். ஒரு வெங்காயமும் அழுகல்ல. பெரிய ஆக்களுக்கு மற்ற ரூமைத்தானே காட்டச் சொன்னீங்க?"

என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டார். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். வேறு என்ன செய்வது? அவர் சுவரில் இருந்த ஈரப்பதமானியைக் குனிந்து பார்த்தார். நான் வரைபடத்தில் எழுதிய அதே அளவு, இம்மி பிசகாமல் நின்றது. நல்ல வடிவமைப்பு என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார். அவமானத்தில் காது கொதித்தது. அந்த நிலையிலும் உள்ளே ஒரு மூலையில் பெருமை வந்ததே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அந்த ஒப்பந்தம் போனது போனதுதான். நான் கொழும்புக் கம்பனியில் பழையபடி குழாய் வரைந்துகொண்டிருந்தபோது, நுரைச்சோலைப் பக்கமிருந்து முன்பின் தெரியாத ஒரு தோட்டக்காரர் அழைத்தார். முதலாளிதான் என் இலக்கத்தைக் கொடுத்தாராம்.

"வெங்காய ரூம் கட்டுற இஞ்சினியர் மிஸ் நீங்கதானே?"

முன்னால் மேசையில் யாரோ ஒருவருடைய கட்டடத்தின் குழாய்ப் படம் கிடந்தது. ஓம், நான்தான் என்றேன். எத்தனை மூட்டை பிடிக்க வேண்டும் என்று கேட்டேன்.