லீற்றருக்குப் பதினைந்து

எங்கள் சின்ன வேனை எங்களுக்கு விற்றவர் பதுளை பசாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் முதலாளி. அவருடைய வீடு பண்டாரவளையில். பத்து வருடமாக அந்த வேனில்தான் தினமும் காலையில் கடைக்கு வந்து மாலையில் வீடு திரும்பினார். சாவியைக் கொடுக்கும்போது என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"லீட்டருக்கு பதினஞ்சு ஓடும் சேர். நானே அளந்து பாத்தது. பொய் சொல்லி யாவாரம் பண்ற ஆளில்ல நான்."

என் கணவர் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க். எந்தத் தாளை நீட்டினாலும் இன்னொரு தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நம்புவார். வேன் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பூனாகலையில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினோம். நானும் மகளும் பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். அவர் நேராகப் பெற்றோல் செட்டுக்குப் போய் வாய்வரை நிரப்பி, மீற்றரில் இருந்த எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். முப்பது கிலோமீற்றர் ஏறி பண்டாரவளைக்கு வந்ததும் இன்னொரு செட்டில் நிறுத்தி மறுபடியும் வாய்வரை நிரப்பச் சொன்னார். நாலேகால் லீற்றர் உள்ளே போனது.

"ஏழு," என்றார். சொந்தத்தில் சாவு விழுந்ததுபோல இருந்தது அவர் முகம். "ஏழுதான் ஓடுது. பாதிகூட இல்ல."

"வண்டி நல்லாத்தானே வந்துச்சு?" என்றேன்.

"நல்லா வர்றது வேற, குடிக்காம வர்றது வேற."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சிக்கன ஆட்சி ஆரம்பமானது. முதலில் ஏசி போனது. அடுத்து, எடை. பின்சீட்டுக்கு அடியில் நான் வைத்திருந்த குடைகள், மகளுக்கு வாந்தி வந்தால் தேவைப்படும் தண்ணீர்ப் போத்தல்கள், பாய், எல்லாம் வீட்டுக்குள் வந்தன. எனக்குத் தெரியாமல் ஸ்பேர் வீலையும் ஜாக்கியையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். பெருக்கும்போதுதான் கண்டேன்.

"என்னங்க இது?"

"பதினாலு கிலோ! சும்மா சும்மா எதுக்குச் சுமக்கணும்?"

"அப்படிப் பாத்தா எங்கள விடுங்க, வண்டியில கூடுதலா இருக்கிறது நீங்கதான்," என்றேன். அவர் தொண்ணூற்றிரண்டு கிலோ.

டயர்களில் காற்றை ஏற்றச் சொல்லி, ஏற்றச் சொல்லி, தட்டினால் தவில் சத்தம் வரும் அளவுக்கு ஏற்றிக்கொண்டார். செங்குத்தான ஏற்றம் வந்தால் என்னையும் மகளையும் இறக்கிவிட்டு, மேலே போய் நின்று காத்திருப்பார். தேயிலைச் சரிவில் வேலை செய்கிற பெண்கள் நாங்கள் வேனுக்குப் பின்னால் மூச்சு வாங்க நடப்பதைப் பார்த்து, சண்டை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டோம் என்று நினைத்தார்கள். "கோவிச்சுக்காம ஏறிக்க தாயி," என்று ஒருவர் எனக்குப் புத்தியும் சொன்னார்.

இத்தனை செய்தும் பண்டாரவளையில் போய் நிரப்பும்போதெல்லாம் ஏழுதான். ஒருமுறை ஏழரை வந்தது. அன்றைக்கு எங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

நான்காவது பயணத்தில் பூனாகலை ரோட்டில், கல்லுப்போல இருந்த டயர் ஒன்று பட்டாசுச் சத்தத்தோடு வெடித்தது. வேன் ஓரமாகச் சாய்ந்து நின்றது. மூன்று பேரும் இறங்கிப் பார்த்தோம். பனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் சிலர் கூடைகளோடு எங்களைச் சுற்றி நின்றார்கள்.

"ஸ்பேர் வீல் இருக்குமே சேர், அதப் போடுங்க," என்றார் அவர்களில் மூத்தவர்.

"வீட்ல இருக்கு," என்றார் என் கணவர்.

"எங்க, இந்தத் தோட்டத்துலயா?"

"பதுளையில."

அந்த அம்மாள் சற்று யோசித்தார். "வீட்டுக்கு வேற ஒரு வண்டி இருக்குதுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நானும் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கொழுந்து லொறி ஒன்று வந்தது. டிரைவரிடம் ஜாக்கி இருந்தது. டயரைக் கழற்றி, ஜாக்கியை வேனுக்கு அடியிலேயே விட்டுவிட்டு, டயரோடு என் கணவரையும் சாக்குகளுக்கு மேலே ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனார். நானும் மகளும் வேனுக்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண்களில் ஒருவர் தங்கள் லயத்து வீட்டிலிருந்து தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். வேறு டயரோடு திரும்பி வந்த என் கணவரின் சட்டையெல்லாம் பச்சைக் கொழுந்து. டயரைப் பூட்டினார். பூட்டி முடித்துவிட்டுச் சொன்னார்:

"நாளைக்கே அந்த மொதலாளியப் பாக்கணும்."

மறுநாள் நான் கூடப் போனதே சண்டை வராமல் தடுக்கத்தான். முதலாளி துணியை அளந்துகொண்டிருந்தார். "ஏழா?" என்று கேட்டவருக்குக் கையிலிருந்த முழக்கோல் நழுவிவிட்டது. "என் வண்டியா? சேர், நீங்க பெடல மிதிக்கிறீங்களா, ஒதைக்கிறீங்களா?"

"நானா ஒதைக்கிறேன்?"

"ஞாயித்துக்கெழம நானே வாறேன். நானே ஓட்றேன். டீச்சரும் வரட்டும். அவங்கதான் கணக்கு டீச்சராச்சே, நியாயம் சொல்லட்டும்," என்று என்னைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளி பஸ்ஸில் பதுளைக்கு வந்து இறங்கினார். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் ஒரு குஷன். கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். வாய்வரை நிரப்பினோம். பிஸ்மி சொல்லிக் கிளப்பினார். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. பெடலைத் தொடுகிறாரா இல்லையா என்றே தெரியாது. ஹாலிஎல தாண்டுவதற்குள் இரண்டு பஸ், ஒரு தண்ணீர் பவுசர் லொறி, சீமெந்து ஏற்றிய ஒரு த்ரீவீலர் எங்களை முந்திப் போய்விட்டன. தெமோதரைக்கு அருகில் ஒரு நாய் கொஞ்ச தூரம் எங்களோடு பக்கத்திலேயே நடந்து வந்தது. மகள் அதற்கு பிஸ்கட் கொடுத்தாள்.

பண்டாரவளை செட்டில் நிரப்பினோம். மூன்றேமுக்கால் லீற்றர். நான் விரலால் காற்றில் எழுதி வகுத்துச் சொன்னேன்: "எட்டு."

என் கணவர் ஜெயித்த முகத்தோடு முதலாளியைப் பார்த்தார். பார்த்தவர் உடனே முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். முதலாளியின் கண் கலங்கியிருந்தது.

"பத்து வருசமா ஊரெல்லாம் பதினஞ்சு, பதினஞ்சுன்னு சொல்லித் திரிஞ்சிருக்கேனே," என்றார். "நான் அளந்தது பொய்யில்ல டீச்சர். காலையில இதே செட்லதான் அடிச்சேன். பதுளைக்கு எறங்கி, கடை தொறக்க முந்தி அங்க அடிச்சுப் பாத்தேன். ரெண்டே ரெண்டு லீட்டர்தான் போச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு மாதமாக என் கண் முன்னால் நடந்தது தெரியவில்லை. முதலாளி இறக்கத்தை மட்டும் அளந்தார். என் கணவர் ஏற்றத்தை மட்டும் அளந்தார். திரும்பி வரும்போது அவர் ஒருநாளும் நிரப்பிப் பார்த்ததில்லை. ஏழு என்ற எண்ணைப் பார்த்த துக்கத்திலேயே வீடு வந்து சேர்ந்துவிடுவார்.

"வண்டியத் திருப்புங்க," என்றேன். "பதுளைக்குப் போவோம்."

இறக்கத்திலும் முதலாளிதான் ஓட்டினார். வளைவுகளில் வேன் தானாக உருண்டது. பதுளை செட்டில் ஒன்றேமுக்கால் லீற்றர்தான் உள்ளே போனது. பதினேழு! முதலாளி வேனின் நெற்றியில் தட்டிக் கொடுத்தார். என் கணவர் பெற்றோல் அடித்தவரிடம், "இன்னும் கொஞ்சம் போகுமா பாருங்க," என்று மூன்று தரம் கேட்டார். போகவில்லை.

"அப்ப ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான்," என்றார் முதலாளி. "எட்டும் பதினேழும் இருவத்தஞ்சு. பாதி, பன்னெண்டரை."

"பன்னெண்டரை," என்று என் கணவரும் தலையாட்டினார். "பரவாயில்ல, நல்ல வண்டிதான்."

"அப்படிக் கூட்டிப் பாதியாக்க முடியாது," என்றேன் நான். "போய்ட்டு வந்தது அறுவது கிலோமீட்டர். குடிச்சது அஞ்சரை லீட்டர். வகுத்தா பதினொண்ணுகூட வராது."

இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். அதுவரை எதிரும் புதிருமாக நின்றவர்கள் எப்போது ஒரே பக்கமாக வந்து நின்றார்கள் என்று தெரியவில்லை.

"டீச்சர், எட்டு ஒண்ணு, பதினேழு ஒண்ணு. நடுவுல பன்னெண்டரைதானே ஈக்குது?"

"இவ எப்பவும் இப்படித்தான் மொதலாளி," என்றார் என் கணவர். "வாங்க, ஒரு டீ குடிப்போம்." தோளில் கை போட்டுக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். நானும் மகளும் பின்னால் போனோம். நியாயம் சொல்லக் கூட்டி வந்த எனக்கு, டீ வேண்டுமா என்று கடைக்காரர்தான் கேட்டார்.

அந்த வாரம் எட்டாம் வகுப்பில் அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். ஏறக்குறைய எல்லோரும் பன்னிரண்டரை என்று எழுதினார்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவு என்று எழுதியிருந்தாள். எப்படி வந்தது என்று கேட்டேன்.

"எங்கப்பா த்ரீவீலர் ஓட்றாரு டீச்சர். ஏத்தத்துக்குத் தனியா, எறக்கத்துக்குத் தனியான்னு பாக்க மாட்டாரு. போய்ட்டு வர எவ்வளவுன்னுதான் பாப்பாரு."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ளையோட அப்பா வண்டி," என்றார், "லீட்டருக்கு எவ்வளவு ஓடுதாம்?"