பிலோமினா அக்கா மேசைக்குப் போகவில்லை

கடந்த செவ்வாய் காலை, மதுரங்குளிக் கிளினிக்கில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. தலவிலப் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர் பிலோமினா அக்கா, ஓராண்டு புற்றுநோயோடு மல்லுக்கட்டி, அன்று விடியும்போது மறைந்துவிட்டார். வரிசையில் நின்ற கடைசிக் குழந்தைக்கும் போட்டுவிட்டுத்தான் அழுதேன். முந்தி அழுதிருந்தால் அக்கா ஏசியிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளுக்குப் போக அலுவலகம் அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. அது அடிக்கடி வழியில் நின்றது. பற்றரி கொதித்து அசிட் வற்றும், பல்ப் எரிந்துபோகும். கராஜில் இரண்டு முறை பற்றரி மாற்றினார்கள். மூன்றாவதும் வீங்கியபோது, பெண்கள் கண்டபடி முறுக்கி ஓடுவதுதான் காரணம் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்துவிட்டார். மேலதிகாரி அதை நம்பி, மோட்டார் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு அலுவலக மேசை வேலைக்கு வரும்படி கடிதம் அனுப்பினார். கரையோர மீனவர் வாடிகளில் இருக்கும் தாய்மாரை யார் பார்ப்பது என்று அதில் ஒரு வரியும் இல்லை.

அக்கா அதை ஏற்றுக் கையெழுத்து வைக்கவில்லை. படகு எஞ்சின் திருத்தும் தன் தம்பியிடம் நல்ல பற்றரியும் மீட்டரும் வாங்கி, அளக்கும் விதத்தையும் பழுது தேடும் விதத்தையும் கேட்டறிந்து வந்தார். அலுவலக முற்றத்தில், எல்லோரும் பார்க்க, எஞ்சினை ஓடவிட்டு அளந்தார். வேகம் கூடக் கூட எண்ணும் ஏறிப் பதினேழு வோல்ட்டைத் தொட்டது. பதினாலரையோடு நின்றிருக்க வேண்டும்.

“ஆர் முறுக்கினாலும் இத அடக்கிறது ரெகுலேட்டர்ட வேல, சேர். அது வேல செய்யல்ல. நான் செய்யிறன்” என்றார்.

புது ரெகுலேட்டர் வரும்வரை மேசையில் இருக்கும்படி மேலதிகாரி சொன்னார். அக்கா ரெகுலேட்டரின் எர்த் வயரைத் தேடிப் பிடித்தார். அதை வண்டிச் சட்டத்தோடு பூட்டியிருந்த ஆணி உப்புக் காற்றில் துருவேறிக் கிடந்தது. மிகுதி மின்சாரம் வெளியேறும் வழி அதுதான். அது அடைபட்டதால் எல்லாம் பற்றரிக்குள் போயிருக்கிறது. சுரண்டி, தேய்த்து, இறுக்கினார். மறுபடி அளந்தபோது எண் பதினாலுக்குச் சற்று மேலே போய் நின்றுவிட்டது.

“நீங்களே முறுக்கிப் பாருங்க, சேர்.”

அவர் முறுக்கினார். எண் ஏறவில்லை. கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அக்காவுக்கு அது போதவில்லை. மெக்கானிக் எழுதிய கடதாசியும் தன் கோப்பில் இருக்கக் கூடாது என்று, அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்து, அவர் அதைக் கிழிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. நோய் வந்த பிறகும், சிகிச்சைக்கு இடைப்பட்ட நாட்களில் அதே மோட்டார் சைக்கிளில்தான் வாடிகளுக்குப் போனார்.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க ஆண்கள் வந்தார்கள். அக்காவோடு வேலை செய்த நாங்கள் ஆறு பெண்கள் சீருடையோடு முன்னே போய் நின்றோம். பெண்கள் தூக்கும் வழக்கம் இல்லையே என்றார் ஒரு பெரியவர்.

“இண்டைக்கு இரிக்கு” என்றேன்.

கோயிலிலிருந்து சேமக்காலைக் கல்லறைத் தோட்டம் வரை சுடுமணலில் நாங்களே தூக்கிச் சென்றோம். ஓரிடத்திலும் இறக்கி வைக்கவில்லை. தோள் இன்னும் நோகிறது, நோகட்டும்.

அக்கா, உங்கள் தாய்மாரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் உறங்குங்கள்.